போன வருடக் குருத்தோலை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. ஹாஸ்டலில் உன் பக்கத்துக் கட்டில்காரியிடம்கூட வேண்டாம். அவள் நல்லவள் என்று நீ எழுதியிருந்தாய். நல்லவர்களிடம் காட்டத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. படித்ததும் எரித்துவிடு என்று எழுத வந்தேன். பேனா அங்கேயே நின்றுவிட்டது. அந்த வார்த்தையை உனக்கு நான் எழுதக் கூடாது. கிழித்துப் போட்டுவிடு, போதும்.

நான் சுகமாக இருக்கிறேன். அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறார். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்றெல்லாம் வரிசையாகக் கேட்க வேண்டும். ஆனால் எனக்கு நேரம் குறைவு. கீழே நம் வெளுப்புக் கடையில் துணி துவைக்கிற பெரிய டிரம் ஓடுகிறது. அது நின்ற பிறகு அப்பா நாளைக்கான துணி மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார். அதற்குள் உனக்குச் சொல்லி முடிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஏன் அதற்குள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முந்தின கடிதங்களைப் போல இதைக் குளியலறை ஓரத்தில், அழுக்குக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதவில்லை. நம் அறையில்தான், உன் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நீ போன மறுநாளே அப்பா ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து எல்லா அறைத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார். "இந்த வீட்டுல இனிமே மூடின கதவுக்குப் பின்னாடி ஒண்ணும் நடக்கக் கூடாது" என்றார். அன்றிலிருந்து அவர் கதவைத் தட்டுவதும் இல்லை. நேராகத் திறந்துகொண்டு வருவார். அதனால் மடியில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். காலடி கேட்டால் இந்தத் தாள் அதற்குள் போய்விடும்.

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மெழுகுவத்தி அண்ணன்தான் கொடுத்தார். அவரை நினைவிருக்கிறதா? கோயிலில் மணியடிப்பவர், பீடத்துணி மாற்றுபவர். குச்சி மாதிரி உயரமும் எப்போதும் ஒழுகுகிற மூக்குமாக இருப்பார். நீதானே அந்தப் பெயர் வைத்தாய். அது அவருக்கும் தெரியுமாம். "உங்கக்கா வச்ச பேரு, ஊரே கூப்பிடுது. ஃபாதர்கூட ஒருநாள் வாய்தவறிக் கூப்பிட்டுட்டார்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு கடிதத்தைத் துணி எண்ணுகிற சாக்கில் என் கையில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

அதைப் பதினோரு தடவை படித்துவிட்டேன். மாதக் கடைசியில் ஹாஸ்டலைக் காலி செய்து அந்தத் தையல் கம்பெனியோடு வேறு நாட்டுக்குப் போகப் போவதாகவும், புது விலாசத்தை எனக்கு அனுப்பப் போவதில்லை என்றும் எழுதியிருந்தாய். அதைக்கூட என்னால் தாங்கிக்கொள்ள முடியும். கடைசிப் பத்தியைத்தான் முடியவில்லை. "அப்பா அன்னிக்குச் சொன்னது நிஜமாவே இருக்குமோன்னு இப்பல்லாம் தோணுது பொத்தான். நான் அதை எரிக்காம இருந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்களோ என்னமோ" என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் யாரோ ஒருவருடைய சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டு நான் அழுதபோது நீ வைத்த பெயரால் என்னைக் கூப்பிட்டு, இப்படி ஒரு வரியை எழுதியிருக்கிறாய்.

அக்கா, நீ அம்மாவுக்கு ஒன்றும் செய்யவில்லை. செய்தது நான்.

முதலில் நேற்று நடந்ததைச் சொல்கிறேன். அப்போதுதான் உனக்குப் புரியும். தவக்காலம் தொடங்குவதால் ஊதாப் பீடத்துணிகளை வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு வைத்திருந்தோம். இந்த வருடம் சாம்பல் புதன் எட்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டதால் அப்பாவுக்கு ஒரே பதற்றம். "ஒவ்வொரு வருஷமும் தேதிய மாத்துறானுங்க. மேல உட்கார்ந்து மீட்டிங் போட்டு முடிவு பண்ணுவானுங்க போல" என்று திட்டிக்கொண்டே இஸ்திரி போட்டார். வசந்தம் பிறந்த பிறகு வருகிற முழு நிலாவை வைத்துத்தான் உயிர்ப்பு ஞாயிறு கணக்கிடப்படுகிறது, அதிலிருந்து பின்னால் எண்ணித்தான் சாம்பல் புதன் வருகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் சரித்திர டீச்சர் பண்டிகை வழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார். அதற்காக நூலகத்தில் படித்தது. ஆனால் அப்பாவிடம் சொல்லவில்லை. இந்த வீட்டில் நான் எதையுமே சொல்வதில்லை.

அம்மா சொல்வது ஞாபகமிருக்கிறதா? "உங்கப்பா கோயில் அங்கியெல்லாம் திருப்பிப் போட்டே இஸ்திரி போட்டவரு. அவருக்குக் கோயிலே உள்பக்கம் வெளியாத்தான் தெரியும்." அது எவ்வளவு உண்மை என்று அந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது. துணிப் பையின்மேல் கிறிஸ்துமஸ் என்று முழுதாக எழுதாமல் எக்ஸ் போட்டு எழுதிய பெண்மணியை, "ஆண்டவர் பேரையே அடிச்சுட்டியேம்மா" என்று அப்பா கடையில் வைத்துச் சண்டை பிடித்தாரே, அது அடித்தது இல்லையாம். கிரேக்க மொழியில் கிறிஸ்து என்ற பெயரின் முதல் எழுத்தே அந்த உருவம்தானாம். ஆயிரம் வருடத்துக்கு மேலாகப் பக்தியோடு எழுதி வருகிறார்களாம். மூன்று ராஜாக்கள் என்கிறோமே, சுவிசேஷத்தில் மூன்று என்றும் இல்லை, ராஜாக்கள் என்றும் இல்லை. ஞானிகள் என்று மட்டும் இருக்கிறது. கொண்டுவந்த பரிசுகள்தான் மூன்று. பெரிய வெள்ளிக்கு ஆங்கிலத்தில் நல்ல வெள்ளி என்று பெயர். "ஆண்டவர் செத்த நாளு என்ன நல்ல நாளு" என்று அப்பா வருடா வருடம் கேட்பார். அந்த நல்ல என்பதற்குப் பழைய காலத்தில் புனிதமான என்று பொருளாம். இதையெல்லாம் படிக்கும்போது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அம்மா இருந்தால் சொல்லியிருக்கலாம், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள் என்று நினைத்தேன். நேற்றுச் சாயங்காலத்தோடு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

ஊதாத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். துணி மாற்றும் அறைக்குப் பின்னால் முற்றத்திலிருந்து புகை வந்தது. எட்டிப் பார்த்தால் மெழுகுவத்தி அண்ணன் ஒரு தகர டின்னுக்கு முன்னால் குந்தியிருக்கிறார். டின்னுக்குள் குருத்தோலைச் சிலுவைகள். ஐம்பது அறுபது இருக்கும். எல்லாம் காய்ந்து மஞ்சளாகிப்போன, போன வருடத்துக் குருத்தோலைகள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் அலறிவிட்டேன், அக்கா. மூட்டையைக் கீழே போட்டுவிட்டேன். "ஐயோ, எரிக்காதீங்க, யாராவது செத்துப் போயிடுவாங்க" என்று கத்தினேன். அவர் பயந்து எழுந்து டின்னையே கவிழ்க்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "எரிக்காம நாளைக்கு உன் நெத்தியில என்னத்தப் பூசுறதாம்? கடைல வாங்கின முகப்பவுடரா?" என்றார். எனக்கு விளங்கவில்லை. சாம்பல் புதனன்று பூசுகிற சாம்பல், போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த இதே ஓலைகளை எரித்து எடுப்பதுதான் என்றார். எப்போதும் அப்படித்தானாம். ஓசன்னா என்று பாடிக்கொண்டு ஆட்டிய ஓலையே அடுத்த வருடம் மண்ணாகப் போகிறாய் என்று நெற்றியில் வந்து உட்காருமாம். "அதுக்குத்தானே ஃபாதர் மூணு வாரமா பழைய ஓலையக் கொண்டாங்க கொண்டாங்கன்னு தொண்டை கிழியக் கத்துறார். உங்கப்பா ஒரு வருஷமாச்சும் கொடுத்திருக்காரா? கேட்டா, என் வீட்டுக் காவல நான் ஏன் கொடுக்கணும்னு கேக்குறார்" என்றார்.

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். ஊதாத் துணி மூட்டையின்மேலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்பதுகூடத் தெரியவில்லை. அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டார். நான் சொல்லவில்லை. உனக்குச் சொல்வதற்கு முன்னால் யாருக்கும் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

நம் வீட்டில் வாசல் நிலைக்கு மேலே ஆணியில் தொங்கிய அந்த ஓலைச் சிலுவையை அப்பா எப்படிப் பார்த்தார் என்று உனக்கே தெரியும். புது ஓலை வருகிற வரைக்கும் பழைய ஓலை ஆணியை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் வீட்டுக்குள் இருக்கிற நோயாளியின் உயிர் வெளியே போய்விடும். அது அவர் பிறந்த வீட்டிலிருந்து எடுத்துவந்த பயம். எந்த வேதத்திலும் இல்லாத பயம். கோயிலில் பூசுகிற சாம்பல் எப்படி வருகிறது என்று யாராவது கேட்டால், பிஷப் வீட்டிலிருந்து டப்பாவில் சீல் வைத்து வரும் என்று அடித்துச் சொல்வார். அவர் துணி கொண்டுபோகிற வாசல் வேறு, அந்தச் சாம்பல் செய்கிற முற்றம் வேறு. இருபது வருடமாக இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

இப்போது போன வருடத்துக்கு வருகிறேன். அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

போன வருடச் சாம்பல் புதனன்று அம்மாவால் எழுந்திருக்கவே முடியவில்லை. நாம் யாருமே கோயிலுக்குப் போகவில்லை. மத்தியானம் நீ வாசல் நிலையிலிருந்து ஓலையை எடுத்தாய். அதற்குச் சற்று முன்னால்தான் அம்மா உன் காதில் ஏதோ சொல்லியிருந்தாள். நானும் வருகிறேன் என்று பின்னாலேயே வந்தேன். "நீ சின்னப் பொண்ணு, நெருப்புக்கிட்ட வராதே, போய்ப் படி" என்று பால்கனிக் கதவைச் சாத்தினாய். எனக்கு உன்மேல் கோபம். அம்மா எதற்கெடுத்தாலும் உன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று வேறு கோபம். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். கஞ்சி டப்பா மூடியில் ஓலையை வைத்து நீ பற்றவைத்ததைப் பார்த்தேன். உன் உதடு அசைந்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான் பார்த்தேன். பிறகு உன்மேல் இருந்த கோபத்தில் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

நீ அம்மாவிடம் போனதும், பிறகு கடைக்கு இறங்கிப் போனதும் சத்தத்தில் தெரிந்தது. காய்ச்சலுக்குத் துடைத்துவிடுகிற நேரம். அது என் வேலை. அதை மட்டும்தான் எனக்குக் கொடுத்திருந்தீர்கள். ஈரத் துண்டோடு போனேன். திரை மூடியிருந்தது. அம்மாவின் நெற்றியில் கறுப்பாக ஏதோ ஈஷியிருந்தது. வியர்வையில் கரைந்து புருவம் வரைக்கும் இறங்கியிருந்தது. சிலுவை மாதிரியெல்லாம் இல்லை. பால்கனியில் நீ எரித்த கரி பறந்து வந்து விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். இந்த அக்கா வீட்டையே அழுக்காக்குகிறாள், துடைப்பது மட்டும் நான் என்று முணுமுணுத்துக்கொண்டே துடைத்தேன்.

அம்மா கண்ணைத் திறந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கிறதாக்கும் என்று நினைத்து இன்னும் மெதுவாகத் துடைத்தேன். அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையை விட்டுவிட்டாள். நான் துண்டை மடித்து, சுத்தமான பக்கத்தால் இன்னொரு முறை துடைத்தேன். சுத்தமாகத் துடைத்தேன், அக்கா. வெளுப்புக்காரர் மகள் அல்லவா.

ராத்திரி அப்பா மேலே வந்து காலி ஆணியைப் பார்த்தது, உன் தலைமுடியைப் பிடித்தது, எல்லாம் உனக்குத் தெரியும். அம்மாதான் கேட்டாங்க, கோயிலுக்குப் போக முடியல, அதனால சாம்பல் பூசிவிடச் சொன்னாங்க என்று நீ கதறினாய். அப்பா அம்மாவின் கட்டிலுக்குப் போனார். மாத்திரையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். டார்ச்சை அவள் முகத்துக்குப் பிடித்தார். நெற்றி பளிச்சென்று இருந்தது. "எங்கடி சாம்பல்?" என்று உன்னைக் கேட்டார். நீ திகைத்துப்போய் நின்றாய். அந்த முகம் எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதானே சாயங்காலம் தொடச்சுவிட்டே? நெத்தியில சாம்பல் இருந்துச்சா?"

அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. ராத்திரி இன்னொரு முறை துடைக்க எடுத்த அதே துண்டு என் கையில்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

இல்லை என்று தலையாட்டினேன்.

நான் துடைத்துவிட்டேன் என்று சொன்னால் உன் முடியை விட்டுவிட்டு என் முடியைப் பிடிப்பார் என்ற பயம். வேறு ஒன்றும் இல்லை. உன்மேல் கோபமெல்லாம் அதற்குள் போய்விட்டிருந்தது. வெறும் பயம்தான். நீ என்னைப் பார்த்தாய். நான் பொய் சொல்கிறேன் என்று நீ நினைக்கவில்லை. அதுதான் இன்னும் கொடுமை. கரி ஒட்டவே இல்லையோ, சரியாகப் பூசவில்லையோ என்று உன் கட்டைவிரலைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அம்மா குணமாகிற வரைக்கும் இந்தப் படி ஏறாதே என்று அப்பா சொன்னதும் செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போனாய். பதினாலு படி. எண்ணினேன்.

ஓலை போனது அம்மாவுக்குத் தெரிந்தால் மனசு விட்டுவிடுவாள், யாரும் மூச்சுவிடக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் அவளிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

போன கடிதத்திலும் அதற்கு முந்தின கடிதத்திலும் நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். நான் பதில் எழுதவே இல்லை. இப்போது எழுதுகிறேன். ஆமாம், அம்மா உன்னைக் கேட்டாள். வியாழக்கிழமை காலையில் கேட்டாள். "பெரியவள எங்க?" என்றாள். கடைக்குப் போயிருக்கிறாள் என்றார் அப்பா. வெள்ளிக்கிழமையும் கேட்டாள். "இன்னுமா கடையில இருக்கா?" என்றாள். சனிக்கிழமை ராத்திரி கேட்கவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு என் கட்டைவிரலைப் பிடித்தாள், தன் நெற்றிக்குக் கொண்டுபோனாள், அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். என்னிடம் சாம்பல் இல்லையே, அக்கா. கஞ்சி டப்பா மூடியை அப்பா தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார். வெறும் விரலால் சிலுவை போட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஞாயிறு விடிவதற்குள் போய்விட்டாள்.

கல்லறையில் எல்லோர் முன்னிலையிலும், "நீ எரிச்சது ஓலைய இல்லடி" என்று அப்பா உன்னிடம் சொன்னபோது நான் உனக்கு மூன்றடி தள்ளி நின்றேன். அப்போதும் சொல்லவில்லை. அப்பா அன்றைக்கு அழவே இல்லை. அதற்குப் பிறகும் அழுது நான் பார்த்ததில்லை. நானும் அவருக்கு முன்னால் அழுவதில்லை. இந்த வீட்டில் ஈரமாக இருப்பது துணி மட்டும்தான்.

இப்போது, ஏன் இன்றைக்கே எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.

அந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது. ஒரு வருடமாகப் பள்ளிக்கூடப் பைக்கு அடியில், அட்டைக்குக் கீழே வைத்திருந்தேன். துவைக்கவில்லை. ஓரத்தில் அம்மாவின் துணிகளுக்கென்று அவளே போட்ட சிவப்பு நூல் குறி இருக்கிறது. நடுவில் சாம்பல் கறை. மடித்துத் துடைத்த இடத்தில் இன்னொரு கறை, கொஞ்சம் வெளிறி.

இன்றைக்குக் காலையில் அப்பா கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வந்தார். வந்து நேராகக் கடையில் நின்றார். நாள் முழுக்க அந்த நெற்றியோடுதான் இஸ்திரி போட்டார். நான் பள்ளி விட்டு வந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஊரில் ஐம்பது வீட்டு ஓலை எரிந்து அவர் நெற்றியில் இருக்கிறது. அந்த ஐம்பது வீட்டிலும் யாரும் சாகவில்லை. "என்ன சின்னவளே, பேயடிச்ச மாதிரி நிக்குற" என்றார். ஒன்றுமில்லை என்றேன். எனக்கு வாய் வரவில்லை, அக்கா. அவர் முன்னால் எனக்கு வாயே கிடையாது. ஆனால் கை இருக்கிறது.

கறை படிந்த துணிக்கு நாம் குத்துகிற சீட்டு ஞாபகமிருக்கிறதா? யாருடைய துணி, என்ன கறை, எப்படிப் பட்டது என்று மூன்று வரி. கறையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார் அப்பா, ஆனாலும் சீட்டைப் படிக்காமல் ஒரு துணியையும் தண்ணீரில் போடமாட்டார். அந்தச் சீட்டில் ஒன்றை எடுத்தேன். முதல் வரியில் அம்மா என்று எழுதினேன். இரண்டாவதில் சாம்பல். மூன்றாவது வரியில் இடம் போதவில்லை, பின்பக்கமும் எழுதினேன்: "போன வருடம் அக்கா அம்மா நெற்றியில் பூசியது. நான் துடைத்தேன். உங்களிடம் பொய் சொன்னேன். கோயில் சாம்பல் பழைய ஓலையை எரித்துத்தான் எடுக்கிறார்கள். மெழுகுவத்தி அண்ணனைக் கேளுங்கள். உங்கள் நெற்றியில் இருப்பதும் அதுதான்."

துண்டை மடித்து, சீட்டைக் குத்தி, நாளைய மூட்டைக்கு நடுவில் வைத்துவிட்டு மேலே வந்தேன். வைத்த கையோடு திருப்பி எடுத்துவிடலாமா என்று இரண்டு தடவை இறங்கினேன். இரண்டு தடவையும் ஆறாவது படியிலிருந்து திரும்பிவிட்டேன்.

கொஞ்சம் முன்னால் டிரம் நின்றுவிட்டது. உனக்குச் சொல்லாமல் எழுதிக்கொண்டே இருந்தேன். மூட்டையைத் தரையில் உதறுகிற சத்தம் கேட்டது. ஹேங்கர்கள் ஒன்றோடொன்று இடித்தன. அவர் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தார். இப்போது பாட்டு இல்லை. ரொம்ப நேரமாக ஒரு சத்தமும் இல்லை.

என்னை என்ன செய்வார் என்று தெரியாது. உன்னைப் போல என்னையும் அனுப்பிவிடுவாராக இருக்கும். அனுப்பட்டும். செருப்பைக் கட்டிலுக்குக் கீழேயே எடுத்து வைத்திருக்கிறேன். உறையில் உன் விலாசத்தை முதலிலேயே எழுதி தபால்தலையும் ஒட்டிவிட்டேன். எது நடந்தாலும் விடிந்ததும் இதை மெழுகுவத்தி அண்ணன் கையில் சேர்த்துவிடுவேன்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மா கேட்டதை நீ செய்தாய். அவள் கேட்டபடியே செய்தாய். கடைசியாக அவளுக்குக் கிடைத்த ஆசீர்வாதம் உன் கட்டைவிரலில் இருந்து வந்தது. அந்த விரலை இனிமேல் திருப்பித் திருப்பிப் பார்க்காதே. காலண்டர்படி அம்மா போன தேதி வர இன்னும் நாள் இருந்தாலும் அப்பா தவக்காலத்து முதல் ஞாயிறைத்தான் கணக்கு வைத்து, அம்மாவுக்கு வருடப் பூசை கேட்டிருக்கிறார். இந்த ஞாயிறு, காலை முதல் பூசை. கடிதம் அதற்குள் வந்து சேர்ந்தால் நீ

படியில் காலடி. மெதுவாக வருகிறார். நிறுத்தி நிறுத்தி. எப்போதும் இரண்டு இரண்டாகத்தான் ஏறுவார்.

கணக்குப் புத்தகத்துக்குள் இதை வைக்க வேண்டும். கை வரமாட்டேன் என்கிறது. வெளியே வந்து நின்றுவிட்டார். கதவுக்கு அடியில் அவர் நிழல் தெரிகிறது. திறக்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம், பிரஸ் மெஷினில் நீராவி போகிற மாதிரி விட்டு விட்டு ஒரு சத்தம் கேட்கிறது. ஆனால் மெஷின் எப்போதோ நின்றுவிட்டது, அக்கா.

தட்டுகிறார். தாழ்ப்பாள் இல்லாத கதவை, அப்பா தட்டுகிறார்.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. மறுபடியும் தட்டு